முனைப் பாதி

சிரிக்காதீர்கள் பாய். உண்மையைத்தான் சொல்கிறேன். இந்தக் கத்திக்கு இருபத்தாறு வருஷமாகச் சாணை பிடித்ததே கிடையாது. கல்யாணமாகி வந்த மறு மாதம் தெப்பக்குளம் கடைத்தெருவில் நானே பொறுக்கி வாங்கியது. அன்றிலிருந்து ஒரு சாணைக்காரரையும் இந்த வாசலில் நான் கூப்பிட்டதில்லை. நீங்களே எத்தனை வருஷமாக இந்த மேலப்புதூர்ச் சந்துக்குள் கூவிக்கொண்டு போகிறீர்கள், ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கிறேனா? உங்கள் குரல் கேட்டால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். கத்தியைக் கழுவித் துடைத்து வைக்கத் தெரியாத பொம்பளைகளை நம்பி ஒரு மனுஷன் பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது மட்டும் என்ன வந்தது என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன். சைக்கிளை நிழலில் ஸ்டாண்டு போடுங்கள். சக்கரத்தை உடனே மிதிக்க வேண்டாம், அந்தச் சத்தத்துக்கு மேல் பேசினால் தெருவுக்கே கேட்கும். ஏற்கெனவே எனக்கு வாயாடி என்று பெயர். அந்த மோடாவில் உட்காருங்கள். டீ தருகிறேன். சர்க்கரை கம்மியாகத்தான் இருக்கும், இந்த வீட்டில் அப்படித்தான் பழக்கம்.

கத்திக்கு என்ன கேடு என்று கேளுங்கள். முனைப் பக்கம் பாதி வெட்டுகிறது. பிடிப் பக்கம் பாதி வெட்டுவதில்லை. எங்கேயாவது இப்படி ஒரு கூத்து உண்டா? ஒரே இரும்பு, ஒரே கை, ஒரே பலகை. முனையால் இழுத்தால் வெங்காயம் விழுகிறது. பிடிப் பக்கமாக அழுத்தினால் தக்காளி வழுக்கி, நசுங்கி, சாறு ஒரு பக்கம், விதை ஒரு பக்கம். முதலில் நான் தக்காளியைத்தான் சந்தேகப்பட்டேன். இப்போது வருகிற தக்காளிக்குத் தோலா இருக்கிறது? ரெக்ஸின். லாரியில் நாலு ஊர் உருண்டாலும் உடையக்கூடாது என்று வளர்க்கிறார்கள். காந்தி மார்க்கெட்டில் ஒருத்தியிடம் இதற்காகவே சண்டை போட்டேன். அந்தத் தகராறு ஆரம்பித்தது போன ஜூலையில், அப்போது முனையும் சேர்ந்தே வழுக்கியது. எங்கள் வீட்டுக்காரர் படுத்தது ஜூன் கடைசி. அவர் படுத்த நேரம், தக்காளிகூடக் கெட்டுப் போய்விட்டது என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்தனிஸ்லாஸ். ஒல்லியாக, உயரமாக, மாலையில் இந்தச் சந்தில் தலையைக் குனிந்துகொண்டே போவார். ஏதோ தொலைத்தவர் மாதிரி. தொலைக்கவில்லை, கல் பார்த்துக்கொண்டு போவார். கல்லூரியில் ஜியாலஜி லேப் அவர் பொறுப்பு. முப்பது வருஷம் பையன்களுக்குக் கல்லைக் கழுவிக் கழுவி எடுத்து வைத்த மனுஷன், வீட்டுக்கு வந்தால் வேறு வேலை பார்க்க வேண்டாமா? வீட்டிலும் கல்தான்.

நீங்கள் தொழில்காரர், உங்களுக்குப் புரியும். சவரக்கத்தி தெரியுமல்லவா, மடக்குக் கத்தி, அந்தக் காலத்து பார்பர் ஷாப்பில் தோல்வாரில் பளிச் பளிச்சென்று தேய்ப்பார்களே, அது. இவர் அதில்தான் சவரம் செய்துகொள்வார். ஏழு கத்தி வைத்திருந்தார். அதைத் தீட்ட, தோண்டி எடுத்த இயற்கைக் கல். கடையில் விற்கிற செயற்கைக் கல்லைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு கல் ஜெர்மனியாம், கன்னங்கரேல் என்று ஸ்லேட்டு மாதிரி. ஒரு கல் ஜப்பானாம், பொரித்த அப்பளம் நிறத்தில். எது எந்த ஊர்க் கல் என்று எப்படித் தெரியும் என்று ஒரு நாள் வாயைக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான். விரல் நுனியில் தொங்கவிட்டுத் தட்டிக் காட்டினார், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போய்விடுமாம். ஊதி, வாய் ஈரம் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்த்தார். தண்ணீர் தெளித்து முகரச் சொன்னார். முகர்ந்தேன். மழை பெய்த செம்மண் வாசனை. "என்ன ரெஜி, தெரியுதா?" என்றார். சாம்பார் தீய்கிற வாசனை தெரிகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். நிஜமாகவே தீய்ந்துகொண்டிருந்தது.

அதில் ஒரு கல் இருக்கிறது பாய். அதுதான் இத்தனைக்கும் காரணம். இருங்கள், கொண்டு வருகிறேன். நீங்கள் பார்த்து எனக்கு ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டும். கத்தி அப்புறம்.

இதோ. துணியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் சொல்லி முடிக்கிறேன்.

இது பெல்ஜியம் கல். மேலே வெண்ணெய் நிறம், கீழே நீலம் கலந்த சாம்பல். கண்ணுக்குத் தெரியாத சிவப்பு மணி உள்ளே இருக்கிறதாம், அதுதான் இரும்பைக் கடிக்கிறதாம். இது கிடைத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பொன்மலையில் என் சித்தி மகள் கல்யாணம். நான் பட்டுப்புடவை, இவர் பட்டு வேட்டி. போகிற வழியில் ஒரு பழைய சலூனைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்து ஒரு கறுத்துப் போன கல். இவர் ஸ்கூட்டரை நிறுத்தி, பட்டு வேட்டியோடு மண்டி போட்டு, விரலை எச்சில் பண்ணி அந்தக் கல்லின் ஓரத்தைத் தேய்க்கிறார். நான் தெருவில் நிற்கிறேன், கையில் கிஃப்ட் பார்சல். அழுக்குக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் கல்யாணத்தன்று, கோவிலில் என் முக்காட்டைத் தூக்கினபோதுகூட அப்படி ஒரு முகம் நான் பார்க்கவில்லை. தாலி கட்டி முடிந்துதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். சித்தி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

வீட்டுக்கு வந்து லென்ஸை வைத்துப் பார்த்தார். மஞ்சளும் நீலமும் சேருகிற இடம் நேர்கோடாக இருந்தால் யாரோ பிசின் போட்டு ஒட்டினது. அலை அலையாக இருந்தால் மண்ணுக்குள்ளேயே சேர்ந்தது. "அலையா இருக்கு ரெஜி. யாரும் ஒட்டலை. பூமியே சேத்து வச்சது, நம்மளை மாதிரி" என்றார். இதில் நான் எது, அடியில் கிடக்கிற சாம்பலா என்று கேட்டேன். கல்லைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இந்தக் கல்லில் சவரக்கத்தி தவிர வேறு எதுவும் படக்கூடாது. அது அவர்களுடைய சட்டம். அவர்கள் என்றால், இந்தப் பைத்தியம் இவர் ஒருத்தருக்கு மட்டும் இல்லை, போனில் ஒரு குரூப்பே இருக்கிறது. இவரைத் தவிர பத்தொன்பது ஆம்பிளைகள். காலையில் எழுந்து சவரம் செய்த கன்னத்தைப் போட்டோ எடுத்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொள்கிற ஜென்மங்கள். அதில் ஒருத்தர் தில்லை நகர் பல் டாக்டர் கிருபாகரன். தங்கமான மனுஷர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "எனக்குப் பின்னால அந்த மஞ்சள் கல் கிருபாவுக்கு" என்று இவர் சொல்லி வைத்திருந்தார். எங்களுக்கோ பிள்ளை இல்லை. சரி, யாரிடமாவது போய்ச் சேரட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கல்லெல்லாம் ஹாலோடு சரி. என் அடுப்படிக்குள் வந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, உன் கத்தியைக் கொடு, தீட்டித் தருகிறேன் என்று வந்து நின்றார். நான் விடவில்லை. உங்கள் கல்லும் கையும் என் அடுப்படி வாசலைத் தாண்டக்கூடாது, என் சாமான் எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. சொன்னால் கேட்டுக்கொள்வார். அந்த ஒரு குணம் உண்டு.

எனக்குத் தெரியவும் தெரியும் பாய். கான்வென்ட்டில் எங்களுக்கு ஹோம் சயின்ஸ் எடுத்த சிஸ்டர் இம்மாகுலேட் அடித்துச் சொல்வார், கத்தி கெடுவது வெட்டுவதால் இல்லை, ஈரத்தால் என்று. அன்று பிடித்துக்கொண்டேன். வெட்டின மறு நிமிஷம் கழுவு, துடை, மாட்டு. எங்கள் கோவிலில் மரியாயின் சேனைக் கூட்டத்துக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் இதை நான் பாடமாகவே எடுத்திருக்கிறேன். என் கத்தியை வாங்கிப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பக்கத்து வீட்டு ஜெசிந்தா ஒரு தரம் இரவல் வாங்கிப் போய் விரலை அறுத்துக்கொண்டு வந்தாள், இதென்னக்கா கத்தியா பிளேடா என்று. துடைத்து வைக்கணும்டி என்றேன். இவர் அங்கேதான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். பேப்பரை இறக்காமலே, "ஆமா ஜெசிந்தா, துடைச்சு வைக்கிறதுலதான் இருக்கு" என்றார்.

அதிலும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும் என் கத்தியை. சனிக்கிழமை சாயந்திரம் நான் ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போய்விடுவேன். திரும்பி வந்தால் வீடே அந்த ஈரமண் வாசனை, இவர் கல்லை எல்லாம் கழுவிக் கவிழ்த்திருப்பார். மறுநாள் பூசைக்குப் போய்வந்து பிரியாணிக்குப் பச்சடி நறுக்கினால், தக்காளி வில்லை வில்லையாக விழும். வில்லை வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் இருப்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கத்திக்குக்கூட ஒரு உற்சாகம் வருகிறது பாருங்கள் என்பேன். இவர் ஒரு வில்லையை எடுத்து ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் வாயில் போட்டுக்கொள்வார். வேலை இல்லாத மனுஷன்.

டீ ஆறுகிறது. குடியுங்கள்.

ஜூன் இருபத்தெட்டு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலக்கை, வலக்கால், பேச்சு, மூன்றும் போயிற்று. கன்னத்தில் பாதி நுரை. நான் போய்த் துடைத்தபோது கத்தி வாஷ்பேசினில் கிடந்தது, ஒரு கீறல் இல்லை முகத்தில். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். வீட்டுக்கு வந்த பிறகு கைத்தாங்கலாக நடந்தார். பேச்சு மட்டும் வரவில்லை. அங்கொன்று இங்கொன்றாகச் சில வார்த்தை வரும். என் பேர் வராது. "தண்ணி" வரும். "இல்ல" வரும்.

வந்த அன்றே ஏழு சவரக்கத்தியையும் கறுப்புக் கல், ஜப்பான் கல், தோல்வார் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் பர்ஸில் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். பார்க்கட்டும். இடது கையால் அந்தக் கத்தியை எடுத்து இழுத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது? ஒரு நாள் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். நீ செய்துவிடு என்கிறார். என்னால் முடியாது, கழுத்தில் கத்தி வைக்க எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன். பிளேடு போட்ட கத்தியோடு ஒரு ஆள் வாரம் இரண்டு தரம் வந்து சிரைத்துவிட்டுப் போவான். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த மஞ்சள் கல் மட்டும் வெளியே இருந்தது. கை கால் பயிற்சி சொல்லித்தர வந்த பெண், கையில் எதையாவது பிடித்துப் பிடித்து விடச் சொல்லுங்கள் என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தது. தூக்கி எறிந்துவிட்டார். கல்லைக் காட்டினார். சரி, கல்லால் யார் கழுத்தை அறுத்துக்கொள்ள முடியும் என்று கொடுத்துவிட்டேன். தலையணைப் பக்கத்திலேயே கிடக்கும்.

அந்தச் சமயத்தில்தான் தக்காளிச் சண்டை. நான் அடுப்படியில் நின்று புலம்புவேன். என்ன தக்காளி இது, என்ன பிழைப்பு இது, ஒரு காய் நறுக்க ஒரு மணி நேரம், கத்தியும் என்னைப் போலக் கிழடாகிவிட்டது என்று தினமும். அவருக்குக் கட்டிலிலிருந்து எல்லாம் கேட்கும். ஒரு நாள் திடீரென்று "தக்காளி" என்றார். தெளிவாக. எனக்கு அழுகை வந்துவிட்டது பாய், ஒரு மாதமாக "தண்ணி", "இல்ல" மட்டும் சொன்ன வாய். உடனே தக்காளி ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "இல்ல" என்றார். மறுநாளும் "தக்காளி". தொக்கு கிளறினேன். "இல்ல." சட்னி, தக்காளிச் சாதம், ஜூஸ் கூட. எல்லாவற்றுக்கும் "இல்ல", "இல்ல". என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுப்படியைக் காட்டி, தக்காளி, தக்காளி என்று அழுவார். நானும் மனுஷிதானே. ஒரு நாள் பொறுமை போய், இதற்கு மேல் தக்காளியில் சமைக்க ஒன்றும் இல்லை, சிஸ்டர் இம்மாகுலேட் எழுந்து வந்தால்தான் உண்டு என்று கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் முப்பது. வேளாங்கண்ணியில் கொடியேற்றிய மறுநாள். நடைபயணமாகப் போகிறவர்களுக்கு எங்கள் தெருப் பெண்கள் மெயின் ரோட்டில் மோர் கொடுப்பார்கள். நான் போகாமல் இருந்ததில்லை. இவருக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டுப் போனேன். அரை மணியில், மோர் மொள்ள ஒரு சொம்பு வேண்டும் என்று திரும்பி வந்தேன். கொல்லைப் பக்கம் ஒரு சத்தம். கர்ர்க், கர்ர்க் என்று. பூனையோ என்று போனேன்.

துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருக்கிறார். எப்படி நடந்து போனாரோ, சுவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். மடியில் ஈரத் துண்டு, அதன் மேல் இந்த மஞ்சள் கல். நழுவாமல் இருக்க அந்தச் செத்த வலக்கையைக் கல் மேல் எடுத்துப் போட்டிருக்கிறார். இடது கையில் என் கத்தி. கட்டை விரலில் ரத்தம், வேட்டியெல்லாம் ரத்தமும் தண்ணீரும்.

எனக்கு என்ன தோன்றும், நீங்களே சொல்லுங்கள். சவரக்கத்தியைப் பூட்டினேன், இப்போது இதை எடுத்திருக்கிறார், மணிக்கட்டில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்றுதானே? பிடுங்கினேன். விடமாட்டேன் என்கிறார். இடது கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. முழுப் பலத்தோடு இழுத்துப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டுச் சொன்னேன். இதை யாரிடமும் சொல்லவில்லை பாய், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மட்டும் சொன்னேன்.

"சாகணும்னா சாவுங்க. என் கத்தியை ஏன் எடுக்கிறீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கத்தியைக் காட்டி, "தக்காளி" என்றார்.

இப்பவும் தின்கிற ஞாபகம்தானா என்று கேட்டேன். ஆமாம், அதையும் கேட்டேன்.

விரலுக்குக் கட்டுப் போட்டேன். ராத்திரி ரசம் வைத்துக் கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒன்பது நாள் ஒரு வார்த்தை இல்லை. "தண்ணி" இல்லை, "இல்ல" கூட இல்லை. நான் வந்தால் சுவரைப் பார்ப்பார். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாள், விடியக்காலையில் மறுபடி ஒரு அட்டாக். சாமியார் கடைசி எண்ணெய் பூச வந்தபோது மூச்சு இல்லை.

என்மேல் கோபமாகத்தான் போனார். சவரக்கத்தியைப் பூட்டிய கோபம், கன்னத்தைத் தொடமாட்டேன் என்ற கோபம், அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை. அறையில் படுத்தால் எனக்கு அந்த முதுகுதான் தெரிகிறது. சாமியார், அதை ஆண்டவரிடம் விட்டுவிடு ரெஜினா என்கிறார். விடத்தான் பார்க்கிறேன். அந்த முதுகு விட்டால்தானே.

இதற்கு நடுவில் டாக்டர் கிருபாகரன். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தார். கல்லை எடுத்துக் கொடுத்தேன், அவர் கட்டிலோரம் துணியில் சுற்றிக் கிடந்ததை அப்படியே எடுத்து வைத்ததுதான், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் பிரித்தார். பிரித்தவர் எழுந்து நின்றுவிட்டார். பல்லைப் பிடுங்க வேண்டியவனிடம் சொல்கிற மாதிரி மெதுவாக, "இதுல காய்கறிக் கத்தி தீட்டினீங்களாம்மா?" என்று கேட்டார். நானா? தொட்டதே இல்லை என்றேன். அவர் கல்லை மேஜையில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார். மறுநாள் குரூப்பில் அந்தப் போட்டோ. இவர் போன் என்னிடம்தானே இருக்கிறது. கீழே எழுதியிருந்தார், நம் கல்லை எல்லாம் நம் கண் முன்னாலேயே யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியாது என்று. பதினெட்டுப் பேரும் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். அவர் செத்த அன்றைக்குக்கூட அத்தனை பொம்மை வரவில்லை.

கான்வென்ட்டில் தையலுக்கு வெள்ளி மெடல் வாங்கினவள் பாய் நான். அடுத்தவர் சாமானை எப்படித் தொட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கிருபாகரனிடம் போய், பார், தொழில் தெரிந்த ஆள் பார்த்துச் சொன்னார், இது நான் செய்ததில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்குத்தான் உங்களை உட்காரவைத்து இவ்வளவும் சொன்னேன். இப்போது துணியைப் பிரியுங்கள்.

பார்த்தீர்களா? குறுக்கும் நெடுக்குமாக. ஆழமாக. நடுவில் வெட்டுப் பட்டு ஒரு செதில் போயிருக்கிறது. கறுப்புக் கறையும் அங்கங்கே. வெண்ணெய் மாதிரி இருந்த கல்.

ஆமாம், அன்றைக்குக் கொல்லையில் வைத்திருந்த கல் இதுதான். ஆமாம், கையில் இருந்தது இந்தக் கத்திதான். அதில் என்ன? அவர்தான் நான் பிடுங்குவதற்குள்… இருங்கள். கத்தியை ஏன் கேட்கிறீர்கள்? நான் கல்லைத்தானே கேட்டேன்.

என்ன பார்க்கிறீர்கள் அப்படி? வெயிலில் பிடித்து.

இளைத்திருக்கிறதா? எது, கத்தியா? இருபத்தாறு வருஷம் வெட்டினால் இளைக்காதா? நானும்தான் தேய்ந்திருக்கிறேன். வெட்டினால் மழுங்கும், இளைக்காது என்கிறீர்களா? கல்லில் போனால்தான் இளைக்குமா? பழைய அகலம் பிடிப் பக்கத்தில் தெரிகிறதா… எங்கே? ஆமாம். இங்கே ஒரு படி மாதிரி இருக்கிறது. இதை நான் கம்பெனிக்காரன் வைத்த டிசைன் என்று நினைத்திருந்தேன்.

வாரா வாரம் தீட்டின கத்தியா.

யார் தீட்டுவார்கள் பாய், வாரா வாரம்? நான் வீட்டில்தானே இருக்கிறேன். சனிக்கிழமை சாயந்திரம் ஒரு வேளை தவிர நான் எங்கே போகிறேன்.

பாய். கொஞ்சம் இருங்கள்.

சரி. சொல்லுங்கள். முனைப் பக்கம் என்ன? தீட்டல் வேறு மாதிரி இருக்கிறதா? நடுங்கின கையா? இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி. ஆனால் கூர் எடுத்திருக்கிறதா. நடு வரைக்கும் வந்திருக்கிறதா.

"தீட்டிக்கிட்டிருந்தவரு பாதியில எந்திரிச்சுட்டாரு போலம்மா."

எழுந்திருக்கவில்லை பாய். நான்தான் பிடுங்கினேன்.

சட்டம் தெரிந்த மனுஷன் அவர். இந்தக் கல்லில் சவரக்கத்தி தவிர எதுவும் படக்கூடாது. கறுப்புக் கல்லை நான் பூட்டிவிட்டேன், ஜப்பான் கல்லைப் பூட்டிவிட்டேன். கைக்கு இருந்தது இது ஒன்றுதான். லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் துடைத்து, கிருபாகரனையே இரண்டு விரலால்தான் தொடவிடுவார். அதில் கொண்டுபோய் என் காய்கறிக் கத்தியை வைத்து… ரெக்ஸின் என்று நான்தானே தினமும் கத்தினேன். அவருக்குத் தெரியும் அது தக்காளி இல்லை என்று. சொல்லத்தான் வாய் இல்லை.

வாய் இருந்த இருபத்தாறு வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள். கேளுங்கள் பாய். துடைத்து வைக்கிறதிலதான் இருக்கு என்று பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு! நான் ஊரைக் கூட்டிப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுஷன் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டு போகிறார்.

அப்படியென்றால் ஒன்பது நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாரே, அது கோபம் இல்லையா? நான் சொன்ன வார்த்தைக்கு இல்லையா? வேலை முடியவில்லையே என்றா? எனக்குச் சொல்லுங்கள். கத்தியைப் பார்த்து இவ்வளவு சொல்கிறவர் அதையும் சொல்லக்கூடாதா?

தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும். நீங்கள் சாணைக்காரர்.

இல்லை, டாக்டரிடம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. காய்கறிக் கத்திதான் தீட்டியது என்று அவர் சொன்னது சரிதானே. என் கத்திதான். பதினெட்டுப் பேரும் பொம்மை போட்டுக்கொண்டே இருக்கட்டும். கல்லை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

என்ன செய்கிறீர்கள்? எழுந்திருக்காதீர்கள். சக்கரத்தில் காலை வைக்காதீர்கள் பாய், எடுங்கள், காலை எடுங்கள். மிச்சப் பாதியை நீங்கள் சமமாக்கித் தருவீர்கள், தெரியும். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. முனையில் இருக்கிற அந்தக் கோணலும் போய்விடும், இருந்ததே தெரியாமல். அதைத்தான் வேண்டாம் என்கிறேன். கொடுங்கள் இங்கே. பிடியைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்களை வீணாக உட்காரவைத்தேன் என்று வேண்டாம். உள்ளே கத்தரிக்கோல் இருக்கிறது, இரண்டு அரிவாள்மணை இருக்கிறது, தேங்காய்த் துருவி இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்து வருகிறேன், இஷ்டத்துக்குத் தீட்டுங்கள். இனிமேல் சனிக்கிழமை சனிக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் வாசலில் ஒரு குரல் கொடுங்கள். எனக்குக் கத்தியைத் துடைத்து வைக்க மட்டும்தான் தெரியும்.

இதை ஆணியில் மாட்டிவிடுகிறேன். தக்காளிக்கு என்ன, ரசத்துக்கு எப்படியும் கையால் பிசைந்துதான் கரைக்க வேண்டும். எங்கள் அம்மா அப்படித்தான் செய்வாள். இத்தனை வருஷம் எதற்காக அதை உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.